களை என்பது யாது?

ஆவணித் திங்கள் வந்துவிட்டால் தில்லியில் வாழும் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. கோடையின் அனல் தணிந்து, மழை பெய்து, குடியிருப்புப் பூங்காக்கள் பச்சைப் போர்வை போர்த்துக்கொள்கின்றன. மாலை வேளையில் முதியோர் உலாவுகின்றனர், பிள்ளைகள் ஓடியாடுகின்றனர். வேலியோரத்தில் எவரும் விதைக்காத புற்கள் முழங்காலளவு எழுந்து நிற்கின்றன. அவற்றினிடையே நீலமும் மஞ்சளுமாய்ச் சிறு பூக்கள். ஒரு குழந்தை அவற்றுள் ஒன்றைப் பறித்து வந்து, "பாட்டி, இது என்ன பூ?" என்று கேட்கிறது. பெயர் நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், "அது வெறும் களை, கண்ணு; கீழே போட்டுவிடு" என்று சொல்லிவிடுகிறோம். மறுநாள் தோட்டக்காரர் புல்வெட்டும் பொறியோடு வந்து அனைத்தையும் ஒட்ட மழித்துவிடுகிறார். பூங்கா தூய்மையாயிற்று என்று நாமும் நிறைவு கொள்கிறோம்.

மிகச் சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் அதனுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது. பெயர்கூட அறியாத ஓர் உயிரைக் களை என்று தீர்ப்பளிக்கும் உரிமையை நமக்கு யார் தந்தனர்? இன்று உலகின் பல நகரங்களிலும், நம் தில்லியிலும், மழித்து வைத்த பசும்பரப்புகளிற் சிலவற்றை மீண்டும் பல்வகைப் புல்லும் பூவும் செறிந்த புல்வெளிகளாக்கும் முயற்சி நடைபெறுகிறது. இதனைத் தோட்டக் கலையின் ஒரு புது வழக்கு என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடல் ஆகாது. எது இங்கே இருக்கத் தக்கது, எது நீங்கத் தக்கது என்று முடிவு செய்யும் பொறுப்பு அதில் அடங்கியுள்ளது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றோருக்கு இவ்வினா வெறும் புல்லைப் பற்றியதாகத் தோன்ற முடியுமா?

களை என்பது உழவர் தந்த சொல். விதைத்த பயிருக்குரிய நீரையும் உரத்தையும் ஒளியையும் கவரும் செடியை அவர்கள் களைந்தெறிந்தனர், களையப்படுவது களையாயிற்று. கொடியோரை வேந்தன் ஒறுத்தல் பயிரிடையே களையெடுப்பதை ஒக்கும் என்று வள்ளுவர் உவமை கூறும்போதும், செயலைக் கொண்டே களை அறியப்படுகிறது. அது எந்த ஊரிலிருந்து வந்தது, எப்போது வந்தது என்னும் கேள்வி அங்கே எழவில்லை. ஆயின் பூங்காவில் நெல்லும் இல்லை, கம்பும் இல்லை. எதற்கு இடையூறு செய்ததென்று அந்த நீலப் பூவை நாம் களை என்றோம்?

நிலத்துக்கும் இவ்வாறே ஒரு பெயர் சூட்டினோம். வரி விதிக்கப்படாத நிலம் வருவாய்க் கணக்கிற் 'புறம்போக்கு' ஆயிற்று. மேய்ச்சற் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று ஊரார் அனைவர்க்கும் பொதுவாய் நின்ற நிலங்கள் அவை. அச்சொல் இன்று ஒரு மனிதனை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. பொருள் ஈட்டித் தராத நிலம் பயனற்றது என்னும் எண்ணம் வேரூன்றியதன் விளைவே இது. நம் நாட்டுப் புல்வெளிகள் பல, அரசுக் கணக்குகளில் இன்றளவும் தரிசு என்றே குறிக்கப்படுகின்றன. மரம் இருந்தால் காடு, உழுதால் வயல், இரண்டும் இல்லையேல் வீண்நிலம். புல்லுக்கென்று ஓர் இடம் அக்கணக்கில் இல்லை.

தில்லியின் பழங்குடி உழவர் அவ்வாறு கருதவில்லை. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி முதலாக ஐந்தாகப் பகுத்ததுபோல், அவர்கள் தம் நிலத்தை நான்காக வகுத்திருந்தனர். ஆரவல்லித் தொடரின் பாறைமேடு கோஹி. யமுனையின் வெள்ளம் பாயும் தாழ்நிலம் காதர். வெள்ளம் எட்டாத வண்டல்மேடு பாங்கர். நீர் தேங்கும் பள்ளம் டாபர். ஒவ்வொன்றுக்கும் உரிய புற்கள் வேறு. ஆற்றோரத்தில் நாணல் வெண்கொண்டை விரித்துக் கார்காலம் முடிந்ததை அறிவிக்கும். ஈரநிலத்தில் வெட்டிவேர் மணக்கும். தில்லிக் கோடையிற் கஸ் என்னும் பெயரால் தட்டிகளிலும் குளிர்விக்கும் பெட்டிகளிலும் நாம் காண்பது, நம் ஊர்ப் பானைத் தண்ணீரில் இட்ட அதே வேர்தான். பாறைமேட்டில் ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் மழைக்குத் தழைத்து, பனிக்காலத்திற் பொன்னிறமாகக் காயும். தூக்கணாங்குருவி கூடு பின்னுவதும், கௌதாரி குஞ்சுகளை மறைத்து வைப்பதும் இத்தகைய உயர்ந்த புற்களிலேதான். மழித்த புல்தரையில் அவற்றுக்கு ஒரு நாரும் இல்லை. ஒரு மறைவும் இல்லை.

இந்நிலத்தின்மேல் இரு மாற்றங்கள் நேர்ந்தன. ஒன்று, ஆங்கிலேயர் கொணர்ந்த புல்தரை. லோதி மன்னர் கல்லறைகளைச் சூழ்ந்திருந்த கைர்ப்பூர் என்னும் சிற்றூரின் மக்களை அப்புறப்படுத்தி, 1936ஆம் ஆண்டில் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் ஒரு பூங்கா அமைத்தனர். விடுதலைக்குப் பின் அது லோதி தோட்டமாயிற்று. மழித்த பசும்பரப்பே நாகரிகத்தின் அடையாளம் என்னும் எண்ணம் அத்தகைய பூங்காக்களிலிருந்து நம் குடியிருப்புகள்வரை பரவியது. விந்தை என்னவெனில், அவ்வழகைக் கற்பித்த பிரித்தானிய நாடே, 1930களுக்குப் பின் தன் மலர்ப் புல்வெளிகளில் 97 விழுக்காட்டை இழந்துவிட்டதாகக் கணக்கிட்டு வருந்தி, இன்று சாலையோரங்களையும் பூங்காக்களையும் மழிக்காமல் விடப் பழகிக்கொண்டிருக்கிறது.

மற்றொன்று, ரிட்ஜ் என நாம் அழைக்கும் ஆரவல்லி மேட்டிற் பரவிய விலாயதி கீக்கர். அதை முதன்முதலிற் கண்ட இராமநாதபுரத்து நண்பர்கள் திகைத்து நின்றதை நாம் அறிவோம். அவர்கள் ஊர்க் கண்மாய்களை நிறைத்திருக்கும் சீமைக்கருவேலமே அது. விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. புதுதில்லி எழும்பிய காலத்தில், வறண்ட பாறைமேட்டைப் பசுமையாக்கும் பொருட்டு இங்கே பரப்பப்பட்டது. பசுமையாக்கிற்று, ஐயமில்லை. ஆனால் அதன் நிழலிற் புல் முளைப்பது அரிதாயிற்று. பிற மரக்கன்றுகளும் தலையெடுக்கவில்லை.

இனி மீட்பு முயற்சிக்கு வருவோம். வசீராபாத்துக்கு அருகே, யமுனைக் கரையில், தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் இணைந்து 2002ஆம் ஆண்டளவில் யமுனைப் பல்லுயிர்ப் பூங்காவைத் தொடங்கின. பேராசிரியர் சி. ஆர். பாபு அதன் வழிகாட்டி. கையிற் கிடைத்தது உவர் ஏறிய வெற்றுநிலம். மண்ணைத் திருத்தவல்ல புல்லினங்களையும் அவரையினத்துச் செடிகளையும் வளர்த்து, சதுப்புகளை மீட்டு, படிப்படியாக மரங்களுக்கு வழி செய்தனர். புல் வந்தபின் பூச்சி வந்தது, பூச்சியை நாடிப் பறவை வந்தது, காட்டுப்பன்றியும் வந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில், யாரும் அழையாமலே ஒரு சிறுத்தையும் வந்து சேர்ந்தது. நிலம் உயிர்பெற்றது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆனால் அருகிலுள்ள ஊர்களின் அச்சம் கருதி அதனைக் கூண்டில் அகப்படுத்தி வேறு காட்டுக்குக் கொண்டுசென்றனர். விருந்தை வரவேற்கவே வாயில் திறந்தோம். எந்த அளவு விருந்தை நம்மால் தாங்க முடியும் என்பதையும் அன்று அறிந்துகொண்டோம்.

வசந்த விகாரை அடுத்து, முன்னாளில் வெட்டுக்குழிகளாகச் சிதைந்து கிடந்த மேட்டிலும் ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்கா இவ்வாறே எழுந்தது. இராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்கத்துக்கு வருவோருக்கு அது அதிகத் தொலைவன்று. அங்கே மழைக்குப் பின் சென்று பார்த்தால், கொங்கு நாட்டிலிருந்து வந்தோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். காங்கேயத்து மாடுகளை வளர்த்தவை கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களாகும். கிளுவை வேலி சூழ, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்க, கீழே கொழுக்கட்டைப்புல் படர்ந்திருக்கும். ஒரு காட்டில் மேயவிட்டு மறு காட்டை ஆறவிட்டு, விதை மண்ணில் விழக் காத்திருந்து, தலைமுறை தலைமுறையாக உழவர் அவற்றைக் காத்தனர். அந்தக் கொழுக்கட்டைப்புல்லே வடநாட்டாரின் அஞ்சன் புல். அந்த வெள்வேலே அவர்களின் ரோஞ்ச் மரம். புல்வெளி என்பது கைவிடப்பட்ட நிலமன்று, அளவறிந்து பேணப்பட்ட நிலம் என்பதை நம்மவர்க்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் மறந்துபோனோம், அவ்வளவே.

இப்போது முதல் வினாவை எதிர்கொள்வோம். மீட்பாளர் 'நாட்டினம்' என்றும் 'அயலினம்' என்றும் செடிகளைப் பிரிக்கின்றனர். அயலவை நீங்க வேண்டும் என்கின்றனர். இச்சொற்களைக் கேட்கும்போது நம்முள் ஏதோ உறுத்துகிறது. நாமும் இந்நகருக்கு அயலார் அல்லமோ? வேலை தேடி வந்து, கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் வேரூன்றியவர்கள் நாம். நம் பிள்ளைகள் பிறந்த மண் இது. வந்தவரெல்லாம் போக வேண்டும் என்பது அறமானால், அந்த அறத்தின் முன் நாம் எங்கே நிற்பது?

நம் அடுக்களையே இதற்கு விடை பகரும். சாம்பாருக்கு உயிரான புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. அக்பர் சாலையில் வரிசையாக நிற்கும் புளியமரங்களை அயலவை என்று சொல்ல எவருக்கு நா எழும்? அவை வந்தன, நின்றன, பிறவற்றையும் நிற்கவிட்டன. சீமைக்கருவேலத்தின்மேல் நாம் கொள்ளும் வழக்கு, அது கடல் கடந்து வந்தது என்பதற்காக அன்று. தான் நின்ற இடத்திற் பிறிதொன்றையும் நிற்கவிடாமை அதன் குற்றம். வள்ளுவர் உவமை காட்டிய வழியும் இதுவே. இந்நாட்டிற் பிறந்த செடியேயாயினும், அருகிருப்பதை அழித்தே வளருமானால் அங்கே அது களைதான். எங்கிருந்து வந்தோம் என்பதைக் காட்டிலும், வந்த இடத்திற் பிறருக்கு எவ்வளவு இடம் விட்டோம் என்பதே உரிமையின் அளவுகோல். செடிக்குப் பொருந்தும் இவ்வளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்பது நன்று. ஐம்பது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் இதன் பறவை ஒன்றன் பெயரையோ, நிழல் தந்த மரத்தின் பெயரையோ அறியாதிருந்தால், நாம் வேரூன்றினோம் என்று எவ்வாறு சொல்வது?

அம்மரத்தைக்கூட ஒரே நாளில் வேரோடு பிடுங்குவது நன்றன்று என்று அறிஞர் கூறுவர். கிளைகளைக் கழித்து ஒளியை உள்ளே விட்டு, கீழே நாட்டு மரங்கள் தலையெடுத்தபின் மெல்ல நீக்கும் முறையே தில்லி ரிட்ஜுக்கு முன்வைக்கப்பட்டது. அதன் விறகை நம்பி அடுப்பெரித்த ஏழைகள் இங்கும் இருந்தனர். இராமநாதபுரத்தில் அதன் கரியை நம்பியே பல குடும்பங்கள் பிழைத்தன. களை எடுப்பதிலும் கருணை வேண்டும். அவசரத்திற் பயிரும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது வினா: எந்தக் காலத்துக்கு மீட்பது? ஆங்கிலேயருக்கு முன்பா, முகலாயருக்கு முன்பா? இந்திரப்பிரத்தம் எழுந்ததே காண்டவ வனத்தை எரித்துத்தான் என்று பாரதக் கதை சொல்கிறது. கண்ணனும் அருச்சுனனும் காவல் நிற்க, தீக்கடவுள் அவ்வனத்தை உயிர்களோடு உண்டான். தப்பியவை மிகச் சில. அவற்றுள் நான்கு பறவைக் குஞ்சுகளும் இருந்தன. புராணா கிலா நிற்கும் மேட்டையே இந்திரப்பிரத்தமென மரபு காட்டும். அக்கதையை வரலாறென்று கொள்ள வேண்டியதில்லை. நகரம் என்பது ஓர் அழிவின்மேல் எழுவது என்னும் உணர்வு நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்கு அது சான்று. எரிந்த வனத்தை எவரும் திரும்பத் தர இயலாது. நீலகிரியிலும் அதுவே நிலை. வெற்றுமேடு என்று கருதிப் புல்மலைகளிற் சீகை மரங்களை நட்டனர். தோடரின் எருமைகளுக்கு மேய்ச்சலும், அவர்தம் கோயில்களுக்குக் கூரைப்புல்லும் தந்த வெளிகள் சுருங்கின. இன்று மரத்தை அகற்றிப் புல்லை நடுவோர் அன்றிருந்த அதே மலையைப் படைத்துவிட முடியாது. ஆயினும் கடன்பட்டவன், முழுதும் தீர்க்க இயலாதென்பதற்காக ஒன்றும் தராதிருத்தல் முறையோ? மீட்பு என்பது ஓர் ஆண்டைக் குறித்து அங்கே திரும்பிச் செல்வதன்று. இயன்ற அளவு கடனைத் திருப்புவதே ஆகும்.

மூன்றாவது வினா மிகக் கூரியது. அக்கடனை யாருடைய கையிலிருந்து திருப்புகிறோம்? கைர்ப்பூர் மக்களை நீக்கியே லோதி தோட்டம் எழுந்தது என்று கண்டோம். நம் கண்முன்னும் ஒன்று நிகழ்ந்தது. ஜங்புரா அருகே, பாராபுல்லா வடிகாலின் கரையில், பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி முகாம், உயர் நீதிமன்ற ஆணையின்படி வடிகாலைத் தூர்வாரும் பொருட்டு 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்றுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. எல்லாக் குடும்பங்களும் அதற்குத் தகுதி பெறவில்லை. தகுதி பெற்றோருக்கும், வேலை செய்த வீடுகள் ஒரு கோடியில், உறங்கும் வீடு மறுகோடியில் என்றாயிற்று. நம் வீடுகளிற் பாத்திரம் துலக்கியோரும், நமக்கு வண்டி ஓட்டியோரும் அவர்களுள் இருந்தனர். நம் மொழி பேசியோர். அது புல்வெளிக்காக நிகழ்ந்ததன்று; நீர்வழிக்காக நிகழ்ந்தது. நீர்வழி அடைபட்டால் வெள்ளத்திற் சாவோரும் ஏழைகளே என்பதும் உண்மை. ஆயினும் ஆற்றையும் புல்லையும் மீட்கும் பெயரால், முதலிற் கரையிலிருப்போர் மட்டுமே கணக்குத் தீர்க்க வேண்டியிருப்பது ஏன்? மாளிகைகளின் புல்தரை ஓர் அங்குலமும் குறையாதிருக்க, குடிசைகளே மீட்பின் விலையாக அமையுமானால், வள்ளுவரின் உவமை தலைகீழாகிவிட்டது என்பதே பொருள். செடியைச் செயலால் அறியும் நாம், மனிதனை இருப்பிடத்தால் களையென்று கொண்டோம்.

ஆதலின் மீட்பு இருப்போரின் நிலத்திலிருந்தே தொடங்குதல் அறமாகும். நம் குடியிருப்புப் பூங்காவில் ஒரு மூலை நம்மிடம் உண்டு. பிள்ளைகள் பந்தாடவும் முதியோர் அமரவும் புல்தரை இருக்கட்டும். அதற்குப் பகைவர் அல்லேம். வேலியோரமாக ஒரு பகுதியை மட்டும் ஆவணி முதல் ஐப்பசி வரை மழிக்காமல் விடலாம். விதை உதிர்ந்தபின் ஒருமுறை அறுத்து, அறுத்ததை அகற்றிவிட வேண்டும். அது அங்கேயே மக்கினால் மண் கொழுத்து, வலிய புல் ஒன்றே மற்றவற்றை மூடிவிடும். உலர்ந்த புல் கோடையில் தீப்பற்றும் அச்சமும் இதனால் நீங்கும். நடப்பதற்கு ஓரத்தில் வெட்டிய பாதை வேண்டும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்குமுன் பிடுங்கிவிடுதல் வேண்டும். உயர்ந்த புல்லாற் கொசு பெருகுமே என்று நலச்சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். குளிர்விக்கும் பெட்டியையும் பூந்தொட்டியின் தட்டையும் வாரந்தோறும் காயவிட்டோமா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். பாம்பு வரலாம் என்னும் அச்சத்தை மட்டும் எள்ளி நகையாடுதல் கூடாது. குழந்தைகள் ஆடும் இடத்துக்கும் புல்லுக்கும் இடையே தொலைவு விடுவதே அதற்கு மறுமொழி.

தோட்டக்காரரிடமும் பேச வேண்டும். அவர் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார், நம்மைப்போல் வந்தேறியே. அவருக்கு இப்புற்களின் பெயர்கள் தெரியும். நாம் அறுகு என்பதை அவர் தூப் என்பார். நாம் நாணல் என்பதைக் காஸ் என்பார். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றுக என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. அவ்வறுகை அவர்களும் பூசைக்கு எடுக்கின்றனர். ஒரே புல்லின் இரு பெயர்களைப் பரிமாறிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம், பல ஆண்டுகளாக நாம் அவரோடு பேசாத பேச்சாக இருக்கக்கூடும்.

அடுத்த ஆவணியிலும் அக்குழந்தை ஒரு பூவோடு வரும். பெயர் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிடில், "தெரியவில்லை, கண்ணு, வா, மாலியிடம் கேட்போம்" என்று கைபிடித்து அழைத்துச் செல்வோம்.